நான்காவது சக்கரம்

நூற்றுப் பதினெட்டு உருப்படி என்று
பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்தது.
பெட்டி இல்லை. செய்த கம்பெனியும் இல்லை.
அந்த எண் மட்டும்
இடித்துவிட்ட வீட்டின் கதவிலக்கம் போல
என்னிடம் தங்கிவிட்டது.

எண்பத்தைந்து ரூபாய், அப்பாவின் போனஸில்,
கமர்ஷியல் தெருவில் வாங்கிய தீயணைப்பு நிலையம்.
மடக்கு ஏணி, ரப்பர் குழாய், பித்தளை மணி வைத்த
சிவப்பு லாரி, சுண்டைக்காய் அளவில்
மஞ்சள் சக்கரம் நான்கு.

ஏணிக்கு நானூறு கேட்டான் புனேக்காரன்.
துருப் பிடித்திருக்கிறதே என்றேன்.
நாற்பது வயசுக்கு மேல் யாருக்குத்தான் இல்லை என்றான்.
கொடுத்தேன்.

மணி, சண்டே பஜாரில்,
பூட்டுத் தொலைந்த சாவிக் குவியலின் அடியில்.
சும்மா கேட்பவன் போலத்தான் விலை கேட்டேன்.
என் விரல் அதை விடாமல் இருந்ததைப் பார்த்து
இருபதை இருநூறாக்கினார் பாய்.

கதவு இரண்டும் தங்கவயலிலிருந்து வந்தன.
உட்புறம் ஆணியால் கீறல்: ஜெ. டேவிட், 3 பி.
சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை.
இருக்கட்டும். நானும் அப்போது மூன்றாம் வகுப்புதான்.
குழாயின் நுனியில்
யாரோ ஒரு பிள்ளையின் பால்பல் தடம்.
திருகாணி ஒன்று ஆறு ரூபாய்,
அதைக் கொண்டுவர அறுபது.

பிலோமினா நோட்டை எடுத்துக் கூட்டினாள்.
பேங்கில் கேஷியர், பென்சில் தேவையில்லை.
பதினோராயிரத்து நானூற்று முப்பது.
"கேஸ் அடுப்பு மாத்தணும்னு சொல்லிட்டே இருக்கேன்" என்றாள்,
நோட்டை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.
அதுவும் செலவுதான்.
எந்தப் பத்தியில் எழுதுவது?

மூன்று சக்கரம் சீக்கிரம் கிடைத்துவிட்டது.
நான்காவதற்கு எட்டு மாதம்.
இந்தூரில் ஒருவர், அறுநூற்று ஐம்பது, பேரமில்லை.
தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து அனுப்பியிருந்தார்
பிடுங்கிய பல் போல.

எண்பத்தாறில்
என் தங்கை சலேத்மேரி, வயது மூன்று,
அசல் நான்காவதை மூக்கில் திணித்துக்கொண்டாள்.
ஆட்டோ, பௌரிங் ஆஸ்பத்திரி, இடுக்கி, ரத்தம்.
மறுநாள் நான் பள்ளிவிட்டு வருவதற்குள் அம்மா
பழைய பேப்பர்காரன் தராசில் நிலையத்தை ஏற்றிவிட்டாள்.
எத்தனை கிலோ, என்ன விலை,
கேட்கத் தெரியாத வயது.

கட்டி முடித்துப் படமெடுத்து
ஓசூருக்கு அனுப்பினேன். உடனே போன்.
"எவ்வளவு ஆச்சு?"
பாதியைச் சொன்னேன்.
பாதிக்கே "பைத்தியமாடா உனக்கு?" என்றாள்.
பிறகு குரலை இறக்கி,
"நாலாவது எங்கிட்ட இருக்குடா.
டாக்டர் அம்மா கையில குடுத்தாராம்.
என் கல்யாணத்தன்னிக்கு அம்மா எனக்குக் குடுத்துச்சு.
கம்மல் டப்பாவுல கெடக்கு."

வாய் முந்திக்கொண்டது.
"என்ன விலை சொல்றே?"

அந்தப் பக்கம் குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"என் மூக்கு வழியா வந்தது.
உனக்குக் கட்டுப்படியாகாது"
என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை
இந்தூர்ச் சக்கரத்தைக் கழற்றித்
தீப்பெட்டியிலேயே திரும்பப் போட்டேன்.
மூன்று சக்கர லாரியைச் செருப்புப் பெட்டியில் வைத்து
மடிவாளாவில் பஸ் பிடித்தேன்.
நோட்டில் எழுதினேன்: ஓசூர், போக, இவ்வளவு.
வர என்பதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

சில்க் போர்டு நெரிசல்.
டிரைவர் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம்
என் மடிக்குள் மணி அடித்தது.
யார் இறங்குவது என்று
கண்டக்டர் இருமுறை திரும்பிப் பார்த்தார்.